அந்தோணியின் காரில் எரிந்த மஞ்சள் விளக்கு

1

என் கணவர் அந்தோணி இறந்து மூன்று வருடம் நிறைந்த அன்று காலை, அவருடைய காரில் மஞ்சள் விளக்கு மறுபடி எரிந்தது. ஸ்டீயரிங்குக்குப் பின்னால், என்ஜின் படம் போட்டு ஒரு சின்ன விளக்கு இருக்குமே, அது. பத்து நாளைக்கு முன்புதான் பணிமனையில் விட்டு, புகையை அளக்கும் ஆக்சிஜன் சென்சார் மாற்றி, விளக்கை அணைத்து வாங்கியிருந்தேன்.

நான் இருப்பது இங்கிலாந்தின் கிழக்குக் கரையோரம் ஒரு கிராமம். முதியவர்களின் வீடு வீடாகப் போய், குளிக்க வைத்து, மாத்திரை கொடுத்து, சாப்பாடு சூடாக்கி வைத்துவிட்டு வரும் வேலை. ஒரு நாளைக்கு ஒன்பது வீடு. ஒரு வீட்டுக்கும் அடுத்த வீட்டுக்கும் நடுவில் கோதுமை வயல்தான் இருக்கும். கார் இல்லாமல் முதல் வீட்டுக்கே போய்ச் சேர முடியாது.

அலுவலகத்துக்குப் போன் செய்தேன். பதற்றத்தில் என் இங்கிலீஷ் எப்போதும் நொண்டும். "என் ஆக்சிஜன் மறுபடி போய்விட்டது, இன்று வர முடியுமா என்று தெரியவில்லை" என்று சொல்லிவிட்டேன் போலிருக்கிறது. மறுமுனையில் இருந்த பெண், "ரீட்டா, மூச்சு விட முடிகிறதா? உட்கார்ந்துகொள், பேசாதே, ஆம்புலன்ஸுக்குச் சொல்கிறேன்" என்று அலற ஆரம்பித்தாள். எனக்கில்லை, காருக்கு என்று புரிய வைப்பதற்குள் போதும் போதுமென்றாகிவிட்டது. புரிந்ததும் அவள் சிரித்தாள். நானும் சிரித்தேன். போனை வைத்த பிறகு ஸ்டீயரிங்கைப் பிடித்தபடி கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தேன். அன்றைய தேதிக்கு என்னிடம் "மூச்சு விட முடிகிறதா" என்று கேட்டவள் அவள் ஒருத்திதான். அதுவும் தப்பாகக் காதில் விழுந்ததால்.

2

இந்த ஊரில் ஒவ்வொரு வருடமும் காரைப் பரிசோதனைக்குக் கொண்டுபோக வேண்டும். பிரேக், டயர், புகை எல்லாம் பார்ப்பார்கள். மஞ்சள் விளக்கு எரிந்தால் அதற்காகவே தோல்வி. சான்றிதழ் இல்லாத காரை ரோட்டில் எடுக்கக் கூடாது, எங்கள் அலுவலகமும் வேலை கொடுக்காது. என் காருக்கு அந்தத் தேதி ஏழு நாளில் வருகிறது.

பணிமனைக்காரர் காரைப் பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கினார். சென்சார் மாற்றியும் விளக்கு வருகிறது என்றால் கன்வெர்ட்டரே போயிருக்கும் என்றார். புகையைச் சுத்தப்படுத்தும் பெட்டி அது. அதை மாற்றுவதைவிடக் காரைப் பழைய இரும்புக்குப் போட்டுவிடலாம் என்று, ஏதோ சாகப்போகும் பூனைக்குட்டியைப் பற்றிப் பேசுவது போல மெதுவாகச் சொன்னார்.

எங்களுக்கு இருப்பது ஒரே மகள், ஜெனி. தெற்கே ஒரு பெரிய நகரத்தில் பல்கலைக்கழகத்தில் முதல் வருடம் படிக்கிறாள். மாலையில் அவளைக் கூப்பிட்டேன்.

"அப்பாவோட கார் செத்துடுச்சாம்மா?" என்றாள்.

அவள் தமிழ் அப்படித்தான். கார் நின்றாலும் சாவு, போனில் சார்ஜ் இறங்கினாலும் சாவு. சொன்ன பிறகு அவளுக்கே ஏதோ உறைத்திருக்க வேண்டும், இரண்டு மூன்று நொடி சத்தமே இல்லை. இன்றைக்கு என்ன தேதி என்று ஞாபகம் வந்திருக்கும் என்று நினைத்துக் காத்திருந்தேன்.

"ஸ்கிராப்புக்குக் குடுத்துடும்மா. ஓல்டு கார். நீ டவுனுக்கு மூவ் பண்ணிடு, பஸ் இருக்கும். நான் லைப்ரரில இருக்கேன், அப்புறம் கூப்பிடட்டா?"

சரி என்றேன். தேதியை நானும் சொல்லவில்லை.

டவுனுக்குப் போய்விடலாம்தான். ஆனால் அந்தோணியைப் புதைத்திருக்கும் கல்லறைத் தோட்டம் எங்கள் கிராமத்திலிருந்து இருபது நிமிடக் கார்ப்பயணம். அந்தப் பக்கம் ஞாயிற்றுக்கிழமை பேருந்தே கிடையாது. எனக்கு ஓய்வு ஞாயிறு மட்டும்தான்.

3

எங்கள் ஊரான மரக்காணத்தில் கார் வேலை தெரிந்தவர்கள் எங்கள் குடும்பத்தில் இருவர். ஒருவர் அந்தோணி. இன்னொருவர் அவர் தம்பி சேவியர். கிழக்குக் கடற்கரைச் சாலையில், உப்பு லாரிகள் திரும்பும் வளைவுக்குப் பக்கத்தில் இருவரும் சேர்ந்துதான் ஒர்க் ஷாப் போட்டார்கள். பாண்டிச்சேரி நர்ஸிங் வேலையை விட்டுவிட்டு நான் முதலில் இங்கே வந்தேன். பின்னாலேயே அந்தோணி ஜெனியைக் கூட்டிக்கொண்டு வந்தார். ஒர்க் ஷாப் சேவியருடையதானது. அந்தோணி இங்கே ஒரு குடோனில் பெட்டி தூக்கினார். அந்த வேலையில் இருக்கும்போதே நெஞ்சைப் பிடித்துக்கொண்டு விழுந்தார். எழவில்லை.

சேவியரோடு நான் பேசி மூன்று வருடமாகியிருந்தது. அதற்குக் காரணம் உண்டு.

அந்தோணி போனதும் ஊரில் எல்லோரும் உடல் வரும் என்றே இருந்தார்கள். நானும் அனுப்புவதாகத்தான் சொன்னேன். மரண விசாரணை அதிகாரியின் தாள், தூதரகத்தின் தாள், பெட்டியை மூடியதற்கு ஒரு தாள், விமானத்துக்கு ஒரு தாள் என்று எல்லாம் அலைந்து வாங்கிவிட்டேன். அங்கே சேவியர் பங்குத் தந்தையிடம் பேசி, என் மாமனாரின் கல்லறைக்குப் பக்கத்திலேயே குழி தோண்டச் சொல்லிவிட்டான்.

கடைசி நாளில் நான் மாற்றிச் சொன்னேன். இங்கேயே அடக்கம் செய்கிறோம் என்றேன். காரணம் கேட்டார்கள். தாள் பிரச்சனை என்று பொய் சொன்னேன். எல்லாத் தாளும் மேசை மேல்தான் இருந்தது.

"எங்க அண்ணன எங்களுக்குக் காட்டாமயே பொதைச்சிட்டீங்க இல்ல" என்றான் சேவியர். அவன் என்னிடம் கடைசியாகப் பேசியது அது. தோண்டிய குழியைப் பிறகு மூடிவிட்டார்கள் என்று வேறு யாரோ சொல்லித்தான் எனக்குத் தெரியும்.

நான் அந்த வீட்டுக்குள் மருமகளாக நுழைந்தபோது சேவியர் பத்தாவது படித்துக்கொண்டிருந்தான். கிரீஸ் அப்பிய கையோடு வந்து "அண்ணி, சோறு போடுங்க" என்று உட்காருவான். என்னை அவ்வளவு உரிமையாக இந்த உலகத்தில் வேறு யாரும் கூப்பிட்டதில்லை.

4

அடுத்த நாள் வேலைக்கு விடுப்பு சொன்னேன். இங்கே காலை பதினொரு மணி, அங்கே மாலை நாலரை. சேவியரின் எண்ணைப் பார்த்துக்கொண்டே இரண்டு முறை டீ போட்டேன். மூன்றாவது முறை கெட்டிலைத் தொடாமல் வீடியோ அழைப்பை அழுத்தினேன்.

எடுத்தான். முன்மண்டை வழுக்கையாகியிருந்தது. அவனுக்குப் பின்னால் சுவரில் அந்தோணியின் படம், அதற்கு ஒரு சிவப்பு பல்பு, அதன் கீழே காற்று அடிக்கும் கம்ப்ரெஸர்.

"தம்பி, கார்ல ஆக்சிஜன் சென்சார்னு லைட்டு வருது. மாத்தியும் வருது. நீங்க கொஞ்சம் பாத்துச் சொல்றீங்களா?"

அவனை 'நீங்க' என்று சொன்னது என் காதிலேயே விழுந்தது.

கம்ப்ரெஸர் டடடடவென்று ஓடியது. அவன் எழுந்து போய் அதை நிறுத்திவிட்டு வந்தான்.

"எந்த சென்சார் மாத்துனாங்க? முன்னாடி இருக்கறதா, பின்னாடி இருக்கறதா?"

"ரெண்டு இருக்குதா?"

"ரெண்டு இருக்குங்க. என்ஜினுக்குப் பக்கத்துல பொகை பைப்புல ஒண்ணு, கன்வெர்ட்டருக்கு அந்தாண்ட ஒண்ணு. முன்னாடி இருக்கறதுதான் என்ஜினுக்குச் சொல்லும், பெட்ரோல் ஜாஸ்தியாப் போவுதா காத்து ஜாஸ்தியாப் போவுதான்னு. பின்னாடி இருக்கறது கன்வெர்ட்டர் ஒழுங்கா வேலை செய்யுதான்னு பாக்கும். பில்லுல என்ன போட்டிருக்கறான்?"

பில்லில் 'ஆக்சிஜன் சென்சார் மாற்றப்பட்டது' என்று மட்டும்தான் இருந்தது. "கண்ணால பாருங்க" என்றான். பழைய கம்பளியை விரித்துப் படுத்து, காருக்கு அடியில் போனை நீட்டினேன். கன்வெர்ட்டருக்குப் பின்னால் இருந்தது புத்தம் புதிதாகப் பளபளத்தது. எழுந்து பானட்டைத் திறந்து, முன்னால் இருந்ததைக் காட்டினேன். துருவேறிக் கறுத்து, பைப்போடு பைப்பாக ஒட்டிப்போயிருந்தது.

"கைக்கு எட்டுனத மாத்தியிருக்கறான்" என்றான் சேவியர். "சரி, நாமளும் அவன மாதிரி குத்துமதிப்பா எதையும் மாத்தக் கூடாது. ஸ்கேனர் இருக்குதா?"

இல்லை. காரின் கோளாறைப் படித்துச் சொல்ல விரல் அளவில் ஒரு கருவி கிடைக்கும், வாங்குங்கள் என்றான். இரண்டு நாளில் தபாலில் வந்தது. ஸ்டீயரிங்குக்கு அடியில் இருக்கும் துளையில் சொருகிவிட்டு, ஜெனி விட்டுப்போன பழைய டேப்லெட்டில் அதன் செயலியை ஏற்றினேன். மறுபடி அழைத்தேன். இந்த முறை முதல் மணியிலேயே எடுத்தான்.

செயலியில் ஒரு கோளாறு எண் வந்தது. அதற்குக் கீழே, முதல் சென்சார் மெதுவாக வேலை செய்கிறது என்று எழுதியிருந்தது. படித்துக் காட்டினேன்.

"அவசரப்படாதீங்க. மொதல்ல பைப்பு ஜாயிண்ட்ல எங்கயாவது புஸ்ஸுனு காத்து வருதா கேளுங்க. அங்க ஓட்டை இருந்தா வெளிக்காத்து உள்ள போயி, நல்ல சென்சாரும் தப்பாச் சொல்லும்."

எட்டிக் காதை வைத்தேன். எதுவும் இல்லை. என்ஜின் நன்றாகச் சூடான பிறகு ஆக்சிலரேட்டரை மிதித்துப் பிடிக்கச் சொன்னான். டேப்லெட்டில் சென்சாருக்கு ஒன்றாக இரண்டு கோடுகள். நல்ல சென்சார் என்றால் முதல் கோடு நிற்காமல் மேலும் கீழும் துள்ள வேண்டுமாம். என்னுடையது மூட்டுவலிக்காரர் படி ஏறுவது போல ஏறியது, இறங்க மனமில்லாமல் இறங்கியது. இரண்டாவது கோடு ஆடாமல் அசையாமல் நின்றது.

"பாத்தீங்களா? கன்வெர்ட்டர் போயிருந்தா பின்னாடிக் கோடும் ஆடும். அது கம்முனு நிக்குது. கன்வெர்ட்டர் நல்லாத்தான் இருக்குது. முன் சென்சார்தான் அண்ணி."

அண்ணி என்று சொல்லிவிட்டு, சொன்னதை அவனே எதிர்பார்க்காதவன் போல வேறு பக்கம் பார்த்தான்.

"நீ சொன்னா சரிதான்" என்றேன்.

5

புதிய சென்சார் சனிக்கிழமை வந்தது. பரிசோதனை திங்கட்கிழமை.

என் வாழ்க்கையில் நான் கழற்றிய பெரிய பொருள் ஆக்சிஜன் சிலிண்டரின் மூடிதான். மதியம் மூன்று மணிக்கு வேலை முடித்து வந்து பானட்டைத் திறந்தபோது கை குளிரில் மரத்திருந்தது. ஸ்வெட்டரின் கையைச் சுருட்டிவிட்டு, போனைக் கண்ணாடி வைப்பரில் சாய்த்து வைத்தேன். அங்கே இரவு எட்டரை. சேவியர் வீட்டில் சாப்பிட்டுவிட்டு வந்து உட்கார்ந்திருந்தான்.

"அஞ்சு நிமிஷம் வண்டிய ஓட விட்டு ஆஃப் பண்ணுங்க. எளஞ்சூடா இருந்தாத்தான் மரை விட்டுக்குடுக்கும். ரொம்ப சூட்டுல கை வெச்சிடாதீங்க. துரு எளக்கற எண்ணெய் அடிச்சீங்களா?"

"நேத்தே அடிச்சிட்டேன். இப்பவும் அடிச்சேன்."

மின் இணைப்பைக் கழற்றி, ஒயருக்கு வழிவிட்டுப் பக்கவாட்டில் வெட்டிய சாக்கெட் ஸ்பேனரை மாட்டி அழுத்தினேன். நகரவில்லை. காலை பம்பரில் முட்டுக்கொடுத்து இழுத்தேன். சாக்கெட் வழுக்கி, விரல் முட்டியில் தோல் உரிந்தது.

"இவ்ளோ துரு எப்பிடி அண்ணி? கடல்ல எறக்கி ஓட்டுனீங்களா?"

"உப்புப்பா. பனி கொட்டுனா ரோட்டுல உப்பு போடுவாங்க, வழுக்காம இருக்க."

"ரோட்டுலயா? மூட்டைக் கணக்குலயா?"

"லாரி லாரியா."

அவன் சிரித்துவிட்டான். "நம்ம உப்பள மொதலாளிங்ககிட்ட இத சொல்லிடாதீங்க அண்ணி, நாளைக்கே கெளம்பி வந்துடுவாங்க."

சின்ன வயதில் பள்ளி விடுமுறையில் அம்மாவோடு உப்பளத்துக்குக் கூலிக்குப் போனவள் நான். பாத வெடிப்பில் உப்புத் தண்ணீர் இறங்கினால் எப்படி இருக்கும் என்று தெரியும். அந்த உப்பை இங்கே லாரியில் வந்து சும்மா ரோட்டில் வாரி இறைத்துவிட்டுப் போவதை முதல் குளிர்காலத்தில் பார்த்தபோது, இதை யாரிடமாவது தமிழில் சொல்ல வேண்டும் போலிருந்தது. இப்போதுதான் சொல்கிறேன்.

"ஸ்பேனருக்குக் கை நீளம் பத்தல" என்றான். "எதுனா இரும்புப் பைப்பு இருந்தா கைப்பிடில மாட்டி இழுங்க."

அந்தோணியின் டூல் பெட்டியில் ஒன்று கிடந்தது. முழங்கை நீளம், ஒரு முனையில் நசுங்கியது. எதற்கு இந்தக் குப்பை என்று பல முறை தூக்கிப் போடப் பார்த்திருக்கிறேன். அதை எடுத்துக் காட்டினேன். சேவியர் முகத்தைப் போனுக்குக் கிட்டே கொண்டுவந்தான்.

"அது நம்ம ஷாப்பு பைப்பு அண்ணி. அண்ணன் அங்க கெளம்பி வந்தப்புறம் அதத் தேடி ஒர்க் ஷாப்பையே பொரட்டிப் போட்டேன். பக்கத்து பஞ்சர் கடைக்காரன்கூடச் சண்டை வேற போட்டேன்." கொஞ்சம் நிறுத்தி, "ஏரோப்ளேன்லயா தூக்கிட்டுப் போனாரு?" என்றான்.

மாட்டினேன். "ஒரேடியா இழுக்காதீங்க. கொஞ்சம் இழுங்க, விடுங்க. கொஞ்சம் இழுங்க, விடுங்க." ஐந்தாவது முறையோ ஆறாவது முறையோ கீச்சென்று ஒரு சத்தம். உடைந்துவிட்டது என்று நினைத்துப் பைப்பிலிருந்து கையை எடுத்துவிட்டேன்.

"சூப்பர்! விட்டுச்சு!" என்று மரக்காணத்தில் கத்தினான்.

புதியதன் மரையில் பசை தடவி, முனையில் விரல் படாமல், முதலில் கையால் திருகி, பிறகு ஸ்பேனரால் இறுக்கினேன். ஒயர் முனையை இணைத்தபோது டிக்கென்று கேட்டது. "கேட்டுச்சா?" என்றேன். "கேட்டுச்சு" என்றான். செயலியில் பழைய எண்ணை அழித்துவிட்டு என்ஜினைப் போட்டேன். மஞ்சள் விளக்கு வந்து, அணைந்தது. சூடானதும் முதல் கோடு துள்ளத் தொடங்கியது. மேலே, கீழே, மேலே, கீழே. நான் கையில் ரத்தத்தோடும் கிரீஸோடும் அதையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

"உடனே நம்பிடாதீங்க. நாளைக்கு ஒரு நாப்பது கிலோமீட்டர் ஓட்டுங்க. அப்பவும் லைட்டு வரலன்னாத்தான் சரி." பிறகு, போனை வைக்கப்போகிறவன் மாதிரி எழுந்துவிட்டு, மறுபடி உட்கார்ந்தான். "நாளைக்கு ஞாயித்துக்கெழமை. எங்க போவீங்க?"

"அண்ணன்கிட்ட" என்றேன்.

அவன் தலையைக் குனிந்துகொண்டான். "போயிட்டு எனக்குப் போன் போடுங்க."

6

பூசை முடித்து நான் கல்லறைத் தோட்டத்துக்குப் போய்ச் சேரும்போது மழை தூறி விட்டிருந்தது. வழியில் மஞ்சள் விளக்கு எரியவில்லை. போன் போட்டேன். சேவியர் வெள்ளைச் சட்டை போட்டு, தலை வாரி, யாருமில்லாத ஒர்க் ஷாப்பில் உட்கார்ந்திருந்தான். போனைத் திருப்பிக் கல்லறையைக் காட்டினேன். நெடுநேரம் பார்த்தான்.

"பேரு இங்கிலீஷ்ல மட்டும்தான் போட்டிருக்கீங்களா?"

"இங்க கல்லுல வெட்டறவருக்குத் தமிழ் வராதுப்பா."

"பாப்பா வந்து பாக்குதா?"

ஆமாம் என்று சொல்ல வாயெடுத்தேன். மூன்று வருடமாகச் சொல்லிப் பழகிய பொய்களோடு இன்னொன்று. சொல்ல முடியவில்லை.

"ஒன்னரை வருஷமா வரல தம்பி. நான் மட்டும்தான் வர்றேன்." கல்லில் ஒட்டியிருந்த ஒரு இலையைத் தட்டிவிட்டேன். "அன்னைக்கு தாள் பிரச்சனைன்னு சொன்னது பொய். எல்லாத் தாளும் கையில இருந்துச்சு. ஜெனிதான் பெட்டியப் புடிச்சிக்கிட்டு விடல. அப்பாவ அனுப்பிட்டா நான் எங்க போயிப் பாக்கறதுன்னு கேட்டா. பதினஞ்சு வயசு. எனக்கு பதில் தெரியல."

"அத அன்னைக்கே சொல்லியிருக்கலாமே அண்ணி."

"சொல்லியிருந்தா உங்க கோபமெல்லாம் அந்தப் பொண்ணு மேல போயிருக்கும். என் மேலயே இருக்கட்டும்னு விட்டுட்டேன்."

ரோட்டில் ஏதோ லாரி போகும் சத்தம் அவன் பக்கத்திலிருந்து கேட்டு, தேய்ந்தது.

"அந்தக் குழிய நான்தான் மூடுனேன்" என்றான். "ஆளுங்கள அனுப்பிட்டு ஒத்தையா மூடுனேன். எடுத்த மண்ணு அத்தனையும் போட்டேன். பெட்டி எறக்கி மூடுனா மேல மேடா நிக்கும் இல்ல? இது நிக்கல. அடுத்த மழைக்கு உள்வாங்கிடுச்சு, பள்ளத்துல தண்ணி நின்னுச்சு. ரெண்டு வருஷமா மண்ணு கொண்டாந்து கொட்டிக்கிட்டே இருக்கேன் அண்ணி. பூசைக்குப் போறப்பல்லாம் அதான் கண்ணுல படுது."

அவனே ஜெபத்தைத் தொடங்கினான். இந்த இடத்தில் மூன்று வருடமாக நான் தனியாக முணுமுணுக்கும் ஜெபம். போனில் அவன் குரல் என் குரலுக்குச் சற்றுப் பின்தங்கியே வந்தது. ஒவ்வொரு வரி முடிவிலும் நிறுத்தி, அவன் வந்து சேரும்வரை காத்திருந்து, அடுத்த வரிக்குப் போனேன்.

முடிந்ததும், "போனக் கொஞ்சம் கீழ எறக்குங்க அண்ணி, மண்ணப் பாக்கணும்" என்றான்.

மண்டியிட்டு, புல்லுக்கு அருகில் போனைப் பிடித்தேன்.

"உள்வாங்கியிருக்குதா?"

"இல்லப்பா. சமமா இருக்குது. மேல புல்லு மொளச்சிருக்குது."

"நல்லா வெச்சிருக்கீங்க" என்றான். பிறகு பேசவில்லை, இணைப்பைத் துண்டிக்கவும் இல்லை. போனைக் கல்லின் மேல் சாய்த்து வைத்துவிட்டு நான் ஈரப் புல்லில் உட்கார்ந்தேன். சார்ஜ் தீரும்வரை இருவரும் அப்படியே இருந்தோம்.